மின்னல் எரியோவின் இரண்டாவது இருக்கை

என் கல்யாணத் தேதியை எங்கள் பாதிரியார் பென்சிலால் எழுதினார். முதல் இரண்டு தடவை மையால் எழுதி, இரண்டையும் அடிக்க வேண்டி வந்ததில் மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது. "கோவிச்சுக்காதே தீர்ச்சே, பதிவேடு பாக்க அசிங்கமா இருக்கும்மா" என்றார் என்னிடம். நான் யாரைக் கோபித்துக்கொள்வது? நிச்சயமாகி ஏழு வருஷம் ஆகிவிட்டது. என் பெயரின் முதலெழுத்தையும் அவன் பெயரின் முதலெழுத்தையும் பின்னிப் பூவேலை செய்த படுக்கை விரிப்புகள் இருபத்துநாலு பெட்டிக்குள் கிடந்தன. மேலே இருந்தவை வெள்ளை. அடியில் இருந்தவை பழுத்து மஞ்சளாகிவிட்டன.

இதற்கெல்லாம் காரணம் எனக்கு நிச்சயித்த எரியோ. எரியோவைக் கேட்டால் கார் என்பான்.

எங்கள் ஊரான சான் வித்தாலேயில் யாரும் அவனை வெறும் எரியோ என்று சொல்வதில்லை. மின்னல் எரியோ. பத்தொன்பது வயதில், மாதா ஊர்வலத்தன்று, ஒரு மோட்டார் சைக்கிளில் சந்தைத் தெருவுக்குள் நுழைந்தவன், சீஸ் கடைக்கும் பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் புகுந்து, பாலத்தைத் தாண்டி மறைந்தான். அன்றைக்கு ஒட்டிய பெயர். அவன் நடந்து போனால் காப்பிக் கடையில் ஆண்கள் தொப்பியைத் தொடுவார்கள். இப்பேர்ப்பட்டவனுக்குப் பந்தயக் கார் இல்லையென்றால் ஊருக்கே கேவலம் என்று ஊர் முடிவு செய்தது. போர் முடிந்த பின் வந்த வருஷங்கள் அவை. எங்கள் சமவெளியில் கொட்டகை வைத்திருந்தவன் எல்லாம் அதற்குள் ஒரு பந்தயக் காரைக் கட்டிக்கொண்டிருந்தான். கோழிகள்தான் மழையில் நின்றன.

எரியோவின் காரைக் கட்டியவர் தகடு தட்டும் அதேல்மோ அண்ணன். எஞ்சின் ஒரு பழைய குடும்பக் காரிலிருந்து வந்தது, சட்டத்துக்கான குழாய்கள் ராணுவம் விட்டுப்போன குப்பையிலிருந்து. மேலுடம்பு முழுக்க அலுமினியம். அதை அண்ணன் ஒரு மரக்கட்டையில் வைத்து, கண்ணளவில், சுத்தியலாலேயே வளைத்தார். ஒருமுறை வரைபடம் எங்கே என்று கேட்டுவிட்டேன். "படம் வரையத் தெரிஞ்சா நான் ஏம்மா சுத்தியலைப் பிடிக்கிறேன்?" என்றார். கூரை கிடையாது. முன்கண்ணாடி என்று சாண் உயரத்துக்கு ஒரு துண்டு. இந்த மாதிரி வண்டியைக் குட்டிப் படகு என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். சிவப்பு அடித்து வெயிலில் நிறுத்தியபோது, சொல்லக் கூடாது, என்னாலேயே கண்ணை எடுக்க முடியவில்லை. என் சக்களத்தி இவ்வளவு அழகாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் வண்டி முடிந்தபாடில்லை. ஒரு வருஷம் கியர் பெட்டி, ஒரு வருஷம் பிரேக். அண்ணன் முறுக்கிய திருகு எல்லாம் மறுநாள் காலையில் தளர்ந்திருக்கும். "இந்த வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்பார் அவர். கடைசியில் கிறிஸ்துமஸ் விருந்தில், கறி பொதிந்த மாவுத் துண்டுகள் மிதக்கும் கப்பெல்லெத்தி சூப்பைக் கரண்டியில் எடுத்தபடி, என் அப்பா நேராகக் கேட்டுவிட்டார்.

"எரியோ, என் பொண்ணு கிழவி ஆனதுக்கப்புறம்தான் கட்டிக்கப் போறியா?"

எரியோ சிவந்து போனான். "மே மாசம் மூணு மாகாணப் பந்தயம் இருக்கு, மாமா. வண்டி அதை ஓடி முடிக்கட்டும். பதினஞ்சே நாள்ல கல்யாணம்."

"முடிக்கலைன்னா?"

"முடிக்கலைன்னா… இன்னொரு வண்டி கட்டி, அதுக்கப்புறம்."

அப்பாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. நான் மட்டும் எழுந்து போய் ஜூன் பதிமூன்று, புனித அந்தோணியார் நாள், சனிக்கிழமை காலை பத்து மணி என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அன்று முதல் அந்தக் கார்மேல் என்னைப் போல் பக்தி வைத்தவர் யாரும் இல்லை. அது ஓட வேண்டும். ஓடி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

மெத்தை தைப்பது எங்கள் குடும்பத் தொழில் என்பதால் இருக்கைகளுக்குத் தோல் தைத்தது நான். ஓட்டுபவனின் இருக்கைக்கு எரியோவை மூன்று நாள் உட்கார வைத்து, அவன் இடுப்புக்கும் முதுகுக்கும் சரியாகத் தகடு தட்டினார் அண்ணன். இரண்டாவது இருக்கைக்கு யாரும் அகப்படவில்லை. தொழில் இருக்கிறவன் எவன் மூன்று நாள் உட்காருவான்? பக்கத்துப் பால்பண்ணையிலிருந்து ஒரு சீஸ் சக்கரத்தை இரவல் வாங்கி வந்து வைத்தார். முழுசாய் ஒரு பார்மிஜானோ, ஆட்டுக்கல் மாதிரி.

"நாப்பது கிலோ இருக்கு, அசையாது, பேசாது. இதைவிட நல்ல ஆள் கிடைப்பானா?" என்றார்.

"நிஜமாவே ஒரு ஆள் உக்காரணும்னு வந்தா?"

"யாரும்மா உக்காரப் போறா? பந்தய விதியில ரெண்டு இருக்கை வேணும்னு போட்டிருக்கான். ரெண்டு இருக்கு."

எங்கள் ஊரில் விதி என்றால் முதல் பக்கம் வரைதான் படிப்பார்கள். அந்தத் தாளுக்குப் பின்பக்கமும் அச்சு இருந்தது. அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

திருப்பிப் பார்த்தவர் இன்ஜினியர் பொனாச்சினி. பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் வண்டிகளைச் சோதிக்க போலோஞ்ஞாவிலிருந்து வந்தவர். ஒல்லி. கைகளில் கையுறை, கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி. பிரேக், விளக்கு, உபரிச் சக்கரம் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் இரண்டாவது இருக்கையைப் பார்த்ததும் நின்றார். அது இருக்கையே இல்லை, உருண்டையாய் ஒரு குழி.

"இதுல உக்காரப் போற துணை ஓட்டுநர் எங்கே?"

"துணையா?" என்றார் அதேல்மோ அண்ணன்.

"ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் வண்டியில இருக்கணும். பின்பக்கம் பதினொண்ணாவது விதி. உக்காந்து காட்டுங்க."

அண்ணன் உட்கார்ந்து பார்த்தார். தொப்பை குழிக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் பார்த்தார். தபால்காரர் ஒரு கால்வரை போனார். கூட்டம் ஆளாளுக்கு யோசனை சொன்னது. "சீஸையே கூட்டிட்டுப் போங்கப்பா, அது ஏற்கெனவே பழகினது!" என்று ஒருவன் கத்தினான். இன்ஜினியர் சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார்.

நான் எரியோவைப் பார்த்தேன். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான். ஆனால் ஏழு வருஷமாகப் பார்க்கிற முகம் எனக்குத் தெரியாதா? உள்ளுக்குள் எங்கேயோ அந்த ஆளுக்கு நிம்மதி. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"ஒரு நிமிஷம், இன்ஜினியர் ஐயா" என்றேன். இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். நானே தைத்த தையலை நானே பிரித்து, உள்ளே நாலு விரல் தடிமனுக்குத் திணித்திருந்த குதிரைமுடியைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். முழங்கால் தாடையில் முட்டியது. இடுப்பு இரண்டு பக்கமும் அலுமினியத்தில் நெரிந்தது. ஆனால் உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஜினியர் என்னைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். "மூச்சு விட முடியுதாம்மா?"

"முடியுது, ஐயா."

"பேர்?"

அப்படித்தான் நான் பந்தயக்காரி ஆனேன். எழுந்து வர மட்டும் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஞாயிறு, காலை ஒன்பதுக்குக் கொடி அசைந்தது. மலைமேல் கணவாய் வரை போய்த் திரும்ப வேண்டும், நூற்றெண்பது கிலோமீட்டர். பிற்பகல் ஒரு மணிக்குள் சதுக்கத்துக்கு வந்தால்தான் ஓடி முடித்ததாகக் கணக்கு. ஒரு மணிக்கு மேல் முடிவுக் கோட்டைத் தொட்டாலும் பார்க்க ஆள் இருக்காது. எங்கள் பக்கம் சாப்பாட்டு நேரத்தில் உலகம் அழிந்தாலும் தட்டு காலியான பிறகுதான் எட்டிப் பார்ப்பார்கள்.

ஊர் எல்லை வரை எரியோ பறந்தான். "மின்னல்! மின்னல்!" என்று ஜன்னல்களிலிருந்து துணிகளை ஆட்டினார்கள். கடைசி வீடு தாண்டியதும் வேகம் குறைந்தது.

"ஏன்?"

"ஒரு சத்தம் கேக்குது. உனக்குக் கேக்கலை?"

இறங்கினான், மூடியைத் திறந்தான், பார்த்தான், மூடினான். ஐந்து நிமிஷம் போயிற்று. அடுத்து ரயில் பாதை. கேட் திறந்தே இருந்தது. நிறுத்தி, இடப்பக்கம் பார்த்து, வலப்பக்கம் பார்த்து, மறுபடி இடப்பக்கம் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் ரயிலே கிடையாது என்பது குழந்தைக்கும் தெரியும். பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக ஒரு மருந்துக்கடைக்காரர் தன் குடும்பக் காரில், பக்கத்தில் துணையும் பின்சீட்டில் குடையுமாக, தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

"எரியோ, அவர் குடை கொண்டுவந்திருக்கார்! குடை!"

"சத்தம் இன்னும் கேக்குது, தீர்ச்சே."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற கதைதான். மலைப்பாதை வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரனை அழுத்தி, ஏறக்குறைய நின்று, பிறகு திரும்பினான். மேலே கணவாயில் பந்தய அட்டையில் முத்திரை போடுகிறவர் மேஜையை மடக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து மறுபடி விரித்தார். மணி பதினொன்றே முக்கால்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் எரியோ வண்டியை ஓரம் கட்டினான். கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"என்னடா, சத்தமா?"

"சத்தமே இல்லை, தீர்ச்சே." கண்ணாடியைக் கழற்றினான். "எனக்குப் பயமா இருக்கு."

"கல்யாணத்துக்கா?"

"இதுக்கு. இந்தக் காருக்கு. அன்னிக்கு மோட்டார் சைக்கிள்ல நான் வேகமா ஓட்டலை. ஆக்ஸிலேட்டர் கம்பி மாட்டிக்கிச்சு. நான் மாதாவைக் கூப்பிட்டுக் கத்திட்டே போனேன். வாத்தியச் சத்தத்துல யாருக்கும் கேக்கலை. பாலத்துக்கு அந்தாண்ட வைக்கோல் போர்ல விழுந்து வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தா மின்னல்ங்கறாங்க."

"அந்தத் திருகெல்லாம்…"

"நான்தான் தளர்த்துவேன். அண்ணன் வீட்டுக்குப் போனப்புறம். வண்டி முடிஞ்சா ஓட்டணுமே. மொத வருஷம் பெருமைக்காக 'வண்டி முடிஞ்சதும் கல்யாணம்'னு வாயைக் கொடுத்துட்டேன். அப்புறம் அந்தப் பேச்சை மாத்தணும்னா காரணம் சொல்லணும்."

எனக்கு அழுகை வந்தது. அவனை அந்த மலையிலிருந்து உருட்டிவிடலாம் என்றும் தோன்றியது. ஏழு வருஷம் நான் கண்ணீர்விட்டுத் தைத்தேன். அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை, காரைத்தான் பிடித்திருக்கிறது என்று நம்பினேன். இந்த மனிதனுக்குக் காரையே பிடிக்கவில்லை! இத்தனை வருஷம் என்னைக் காக்க வைத்தது ஒரு பட்டப்பெயர்!

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

"நீயும்தானே மின்னல்னு கூப்பிட்டே."

கூப்பிட்டேன்தான். பெருமையாகத்தான் கூப்பிட்டேன்.

"இறங்கு" என்றேன். "என்னைத் தூக்கி விடு."

அவன் இழுக்க, நான் உந்த, குழியிலிருந்து வெளியே வந்தேன். அப்பாவின் மூன்று சக்கர வண்டியில் சோபாக்களையும் மெத்தைகளையும் ஏற்றிச் சுற்று வட்டாரம் முழுக்க இறக்குகிறவள் நான். கியர் எனக்குப் புதிதல்ல. கால் எட்டவில்லை. அவனுடைய மேல்சட்டையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்தேன். அவன் குழிக்குள் இறங்கினான், பாதி இறங்கினான், கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் அழுத்தினான். எங்கேயோ ஒரு தையல் கிழிந்தது. காரிலா அவன் கால்சட்டையிலா என்று நான் கேட்கவில்லை.

முதல் வளைவில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மூன்றாவது வளைவில் பயம் போய்விட்டது. ஏழாவதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மெத்தைகளைச் சுமந்து முக்கிப் போகிற வண்டியையே ஓட்டிப் பழகியவளுக்கு, நினைப்பதற்குள் திரும்பிவிடும் ஒரு வண்டி கிடைத்தால் எப்படி இருக்கும்? காற்று முகத்தில் அறைந்தது. சந்தோஷமாக இருந்தேன். அப்பட்டமான சந்தோஷம். பக்கத்தில் எரியோ மாதாவிலிருந்து தொடங்கித் தெரிந்த புனிதர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான். மலையடிவாரத்தில் மருந்துக்கடைக்காரரைத் தாண்டும்போது மட்டும் கண்ணைத் திறந்து, தொப்பியைத் தூக்கினான்.

ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, நெட்டிலிங்க மரங்களின் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது.

"மாறிக்கலாம். நீ ஓட்டிட்டுப் போ. எல்லாரும் உனக்காகத்தான் நிக்கிறாங்க."

ஆத்திரத்தில் சொல்லவில்லை. என்ன செய்கிறான் என்று பார்க்க நினைத்தேன். வண்டி கோட்டைத் தொடப் போகிறது, கல்யாணம் நடக்கத்தான் போகிறது. ஆனால் இவன் மறுபடியும் மின்னலாகி உள்ளே போனால், நான் அந்த மின்னலோடுதான் நாற்பது வருஷம் குடும்பம் நடத்த வேண்டும். அப்படியானால் இருபத்துநாலு விரிப்புகளையும் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவன் குழிக்குள் இப்படியும் அப்படியும் நெளிந்து பார்த்தான்.

"வெளிய வந்தா மறுபடி இதுக்குள்ள நுழைய முடியாது" என்றான். "நீயே போ."

சதுக்கத்தில் வாத்தியம் முழங்கியது. சிவப்பு வண்டி தெரிந்ததும் "மின்னல்!" என்று ஆரம்பித்தார்கள். கோட்டைத் தாண்டி நான் பிரேக் போட்டபோதுதான் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கூச்சல் பாதியில் அறுந்தது. மணி ஒன்றாக மூன்று நிமிஷம்.

அதேல்மோ அண்ணன் ஓடி வந்தார். நல்ல மனிதர். நண்பனின் மானம் கப்பலேறுவதைப் பார்க்க அவருக்கு மனசு வராது. "ஐயோ எரியோ! கை ஒடிஞ்சுபோச்சா?"

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. "கை ஒடிஞ்சிருச்சாம்!" "ஒடிஞ்ச கையோட வந்திருக்கான்யா!" "மின்னல்னா சும்மாவா!" பேண்டுக்காரர்கள் மறுபடி ஊதத் தொடங்கினார்கள், முன்னைவிடச் சத்தமாக. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், எரியோ சாகும்வரை வீரன். நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எரியோ இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். பத்து விரல்களையும் ஆட்டிக் காட்டினான்.

"கை நல்லாத்தான் இருக்கு" என்றான். "ஓட்டினது தீர்ச்சே. எனக்குப் பயம். அன்னிக்கு மோட்டார் சைக்கிள்லயும் பயம்தான். எப்பவுமே பயம்தான்."

வாத்தியம் ஒவ்வொன்றாக அடங்கியது. டிராம்போன்காரர் காது மந்தம், அவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஊதிவிட்டு நிறுத்தினார். எரியோவின் அம்மா ஆர்ஜியா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இதுல என்ன இருக்கு? அவங்க அப்பா வாத்தைக் கண்டா பயப்படுவாரு. முப்பது வருஷம் நான்தான் முன்னால போய் வாத்தை விரட்டினேன். மனுஷன் தங்கம்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். கேலிச் சிரிப்பும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாதிப் பேர், தாங்களும் இனி ஒன்றிரண்டு உண்மையைச் சொல்லலாம் போலிருக்கிறதே என்பதுபோல் சிரித்தார்கள். அதேல்மோ அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அந்தத் திருகு…" என்று ஆரம்பித்து, எரியோவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றை முழுசாகச் சொல்லி முடித்தார்.

எரியோவை வெளியே எடுக்க நாலு பேர் வந்தார்கள். அசையவில்லை. ஒருவர் பன்றிக்கொழுப்பு கொண்டுவர ஓடினார். இன்னொருவர் தகடு வெட்டும் கத்திரியைக் கேட்டார். அண்ணன் அவரை அடிக்கப் போனார். அந்த அமளியின் நடுவே, முழங்கால் காதில் முட்ட உட்கார்ந்தபடி, எரியோ என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் மின்னல் ஏதும் இல்லை. எனக்கு அவனை அவ்வளவு பிடித்திருந்தது.

"தீர்ச்சே, பதிமூணாம் தேதி… இன்னும் இருக்கா?"

"காலையில பத்து மணி" என்றேன். "ஒரு நிமிஷம் தாமதமானாலும் நான் கிளம்பிடுவேன். எப்படிப் போவேன்னு பாத்துட்டேல்ல?"

பதிமூன்றாம் தேதி ஒன்பதரைக்கே வந்து தேவாலய வாசலில் நின்றுகொண்டிருந்தான். நடந்துதான் வந்திருந்தான்.